சுங்குடித் துணி கட்டிய பெட்டி

அடியே, உன் துணி இன்னும் சாயம் போகலை.

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் அந்த வெளிர்நீல கேபிள்தான் முதலில் கையில் வந்தது. கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியோடு லேப்டாப்பை நேருக்கு நேர் பேச வைக்கும் கேபிள். அதன் கழுத்தில் நீ கட்டிவிட்ட சிவப்புச் சுங்குடித் துண்டு, வெள்ளைப் புள்ளிகள் மங்காமல் அப்படியே இருக்கிறது. உன் அம்மாவின் பழைய சேலையில் கிழித்தது. "சும்மா விட்டா எவனாவது சார்ஜர்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிருவான். இதைக் கட்டிட்டா நம்மதுன்னு ஆஸ்பத்திரிக்கே தெரியும்" என்றாய். தெரிந்துதான் போச்சு. எம்புட்டுத் தூரம் தெரிந்துபோச்சு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வயிறு உப்பிப்போய் இருக்கிறது. வேறு யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியில் கொட்டாவி விடுகிறார்கள்.

ஜெயிச்சுட்டோம்டி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ நிதானமாகப் படி.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் இந்த ஒத்தக்கடை ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிர்ந்த அறை, இரண்டு நாற்காலி, ஜன்னலில் யானைமலை. நீ மகால் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பெண், சுங்குடிக் கடைக்காரர் மகள். அம்மாவோடு போனில் உங்கள் வீட்டுப் பாஷையில் கொஞ்சிக்கொண்டே, நடுவில் மூச்சு விடாமல் தமிழில் என்னைத் திட்டுவாய். நான் செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் உப்பு கேட்டாலே சண்டை போடுகிற மாதிரித்தான் இருக்கும். "உங்க ஊர்ல ரகசியம்னா எம்புட்டுத் தூரம் கேக்கும்டி?" என்று என்னைக் கேட்பாய். எனக்குக் கோபம் வரும், உனக்குச் சிரிப்பு வரும். வேலையும் அப்படித்தான் நடந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு காலை, ஞாபகம் இருக்கிறதா? ஆப்பரேஷன் தியேட்டரில் கேமரா வைத்து, நர்சிங் மாணவிகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்று பெரிய டாக்டரம்மா ஆசைப்பட்டார். மாட்டினோம். படம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் கீழே டோக்கன் கவுண்டரில் கம்ப்யூட்டர் எல்லாம் மொத்தமாக நின்றுவிட்டது. மேலூரில் இருந்தும் கொட்டாம்பட்டியில் இருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த சனம் கவுண்டரைத் தட்டிக் கத்த ஆரம்பித்தது. "ஏத்தா, பொட்டியை ஒரு தட்டுத் தட்டி விடுங்கத்தா, ஓடும்" என்று ஒரு பெரியவர் எனக்கே யோசனை சொன்னார். நான் தட்டுவதற்குத் தயாராகத்தான் ஓடினேன். கட்டிடத்தில் இருக்கிற ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன். நீ என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

"கை துறுதுறுங்குதா? தொடைக்கு அடியில வச்சு உக்காரு. மொதல்ல பாப்போம்."

பார்த்தோம். நான் ஸ்விட்ச் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்ல, நீ கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக அடித்தாய். ஒரே ஒரு வகுப்பறைக்குப் போக வேண்டிய படத்தை ஸ்விட்சுகள் கட்டிடம் முழுக்க, கண்ணில் பட்ட கம்ப்யூட்டருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தன. யாருக்கு வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவற்றுக்குள்ளேயே ஒரு வசதி இருந்தது, ஸ்னூப்பிங் என்று பெயர். டிவி 'எனக்கு அந்தப் படம் வேணும்' என்று சொல்வதை ஸ்விட்ச் நடுவில் ஒட்டுக்கேட்டு, கேட்டவருக்கு மட்டும் அனுப்பும். அதை அன்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடித்துப் போட்டோம். கவுண்டர் மறுபடி ஓட ஆரம்பித்ததும் யோசனை சொன்ன பெரியவர், "பாத்தியா, தட்டுனவுடனே ஓடுது" என்றார்.

என்ன நடந்தது என்று டாக்டரம்மா கூப்பிட்டுக் கேட்டார். நான் மல்டிகாஸ்ட், குரூப் என்று ஆரம்பித்து, அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திவிட்டேன். நீ சொன்னாய்: "கல்யாணப் பந்தின்னு வச்சுக்குங்க மேடம். சாம்பார் வாளியோட ஒருத்தர் வாராரு. யாருக்கு வேணும்னு கேக்காம எல்லா இலையிலயும் ஊத்திக்கிட்டே போனா? பாயசம் சாப்பிடுறவர் இலையிலயும் சாம்பாரு. காலையில நடந்தது அதுதான். இனிமே கேட்டவங்க இலைக்கு மட்டும்தான்."

அவர் கெட்டிக்காரி. "அப்ப ஒருத்தர் வரிசையில நடந்து கேட்டுக்கிட்டே இருக்கணுமே?" என்றார்.

"அதுக்கும் ஆள் போட்டாச்சு மேடம்."

அந்த ஆள்தான் நம் அறையில் இருக்கிற பெரிய ஸ்விட்ச். குவேரியர், அதாவது கேட்கிறவர். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை 'யாருக்கு வேணும்?' என்று அது ஒரு குரல் கொடுக்கும். டிவிகள் 'எனக்கு, எனக்கு' என்று பதில் சொல்லும். பதில் வந்த இடங்களை எல்லா ஸ்விட்சும் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போதும்போல இருக்கு என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அம்புட்டுத்தான் சங்கதி. ஆனால் அந்தச் சங்கதியை நீ பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. காலையில் வந்து பையை வைத்ததும் அந்தப் பட்டியலைக் கேட்டு ஒரு வரி அடிப்பாய். பிறகு மேல் அம்பு, என்டர். மேல் அம்பு, என்டர். அதே வரி மறுபடி ஓடும், பட்டியல் புதிதாக வந்துகொண்டே இருக்கும். எந்த அறை கேட்கிறது, எது விட்டுவிட்டது, எதற்கு நேரம் தீரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பாய். கலர் கலராகப் படம் போட்டுக் காட்டும் சாப்ட்வேர் ஒன்று வாங்கிக் கொடுத்தார்களே, அதை நீ மதித்ததே இல்லை. "அது நேத்து நடந்ததை அழகாச் சொல்லும். எனக்கு இப்ப நடக்குறது தெரியணும்."

பிறகு நீயே இங்கே நோயாளியாக வந்து படுத்தாய். மூன்றாம் மாடி, கடைசி அறை. ரத்தத்தில் வந்த கோளாறு, பெயரைக்கூட எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அங்கேயும் சும்மா கிடந்தாயா? சுவரில் இருந்த டிவி நம் லைனில் ஓடுவதுதானே. போன் போடுவாய்: "அடியே, என் ரூம் பட்டியல்ல இருக்கா பாரு." நான் பார்த்து, "இருக்குடி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு" என்பேன். "அப்ப சரி, நானும் இருக்கேன்" என்பாய். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வேலைக்கு நடுவில் மேல் அம்பு, என்டர். உன் அறை இருக்கிறது. முழித்திருக்கிறாய், ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறாய், சரி. மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் உன் அறை பட்டியலில் இல்லை. தூங்குகிறாய் என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி. உன் அம்மா டிவியை அணைத்திருக்கிறார் என்பது பிறகு போன் வந்தபோதுதான் புரிந்தது. அன்று முழுவதும் நான் என்டர் தட்டிக்கொண்டே இருந்தேன்டி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

டாக்டரம்மா பெரிய மாநாடு ஒன்றை இழுத்து வந்துவிட்டார். பல ஊர் சர்ஜன்கள் வந்து உட்கார்ந்து, தியேட்டரில் அவர் செய்யும் ஆப்பரேஷனை நேரடியாகப் பார்ப்பதாக ஏற்பாடு. கருத்தரங்கு அறை நிரம்பிவிடும் என்று வாசலில் பந்தல் போட்டு அங்கேயும் ஒரு பெரிய திரை வைத்தார்கள். முந்தின நாள் காலையில் ஒத்திகை. படம் பளிச்சென்று வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவின் கை கத்திரிக்கோலோடு அந்தரத்தில் அப்படியே உறைந்து நின்றது. டிவிப் பெட்டியை அணைத்துப் போட்டால் படம் வரும், சற்று நேரத்தில் மறுபடி உறையும். வார்டுகளில் இருந்தும் டிவி நின்று நின்று போகிறது என்று அதற்கு முந்தின சாயங்காலத்தில் இருந்தே புகார். புதிதாக யார் என்ன மாட்டினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார்கள்.

பராமரிப்பு ஒப்பந்தக் கம்பெனி சென்னையில் இருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பியிருந்தது. நல்ல மனுசன்தான், அதைப் பிறகு சொல்கிறேன். அன்று காலையில் அவர் வாயைத் திறந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஸ்னூப்பிங்தான் மேடம் பிரச்சனை. படம் பாதியில நிக்குதுன்னா பெரும்பாலும் அதுதான். எல்லா ஸ்விட்ச்லயும் ஆஃப் பண்ணிட்டு, பழைய செட்டிங் அத்தனையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம். யார் இதை செட் பண்ணினது?"

"முன்னாடி இருந்த பொண்ணு" என்றார் டாக்டரம்மா.

"தப்பா பண்ணிட்டுப் போயிருக்காங்க."

"அவ தப்பா பண்ணிட்டுப் போகலை சார். செத்துப் போயிட்டா" என்றேன். கருத்தரங்கு அறையில் மைக் வேறு திறந்திருந்தது. பந்தல் வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பழக்கம், உனக்குத் தெரியாதா.

அவர் முகம் செத்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "அந்தப் பொண்ணு மேல எனக்கும் மதிப்பு இருக்கும்மா. ஆனா நாளைக்குப் பாதி ஆப்பரேஷன்ல படம் நின்னா நான் யார் முகத்துல முழிப்பேன்? மத்தியானத்துக்குள்ள காரணத்தைக் கொண்டா. இல்லைன்னா அவர் சொல்றபடி எல்லாத்தையும் அழிச்சிரலாம்."

கேட்டாயா? அழிச்சிரலாமாம். நீ ஒவ்வொரு வரியாக அடித்து வைத்ததை. அதுவும் தப்பு என்று சொல்லி. உன் கை இந்தக் கட்டிடத்தில் மிச்சம் இருப்பதே அந்தப் பெட்டிகளுக்குள்தான். அதை அழித்துவிட்டு, 'முன்னாடி இருந்தவ சொதப்பிட்டுப் போயிட்டா' என்று ஊர் சொல்லுமா? என் உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். இன்னொரு பயமும் இருந்தது. ஸ்னூப்பிங்கை அணைத்தால் அந்த முதல் வருசத்துக் காலை திரும்ப வரும். இந்தத் தடவை டோக்கன் கவுண்டர் மட்டும் இல்லை, வார்டு, லேப், எல்லாம் அதே லைனில் தொங்குகிறது.

இன்ஜினியரும் பின்னாலேயே வந்தார். "மன்னிச்சிருங்க மேடம், எனக்குத் தெரியாது. நானும் கூட இருந்து பார்க்கலாமா?" என்றார். நாற்காலியைக் காட்டினேன். உன் நாற்காலியை. வேறு யாரையும் நான் அதில் உட்கார விட்டதில்லை.

துணி கட்டிய கேபிளை எடுத்துப் பெரிய ஸ்விட்சில் செருகினேன். கறுப்புத் திரை. உன் வரியை அடித்தேன். பட்டியல் வந்தது: கருத்தரங்கு அறை, பந்தல், வார்டுகள். மேல் அம்பு, என்டர். எல்லோருடைய நேரமும் குறைந்துகொண்டே வந்தது. வழக்கமாகக் குறையும், கேட்கிறவர் ஒரு குரல் கொடுத்ததும் துள்ளி மேலே ஏறும். அன்று ஏறவே இல்லை. குறைந்து குறைந்து முதலில் ஒரு வார்டு உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கருத்தரங்கு அறை. மேலே மாடியில் யாரோ "போச்சு, போச்சு" என்று கத்துவது கேட்டது.

"யாருமே கேக்கலை சார்" என்றேன். "பட்டியல் சரியாத்தான் இருக்கு, ஒட்டுக்கேக்குறதும் சரியா நடக்குது. கேக்க வேண்டியவன் கேக்கலை."

இன்ஜினியர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "குவேரியர் யாருன்னு பாருங்க."

பார்த்தேன். நம் பெரிய ஸ்விட்சின் பெயர் அங்கே இல்லைடி. ஏதோ ஒரு நம்பர், முன்பின் தெரியாத நம்பர், நம்முடையதைவிடச் சின்னது. இந்த உலகத்தில் சின்ன நம்பருக்குத்தான் பரிவட்டம் என்று நீ சொல்வாயே. சின்ன நம்பரோடு ஒருவன் வந்து நின்றதும் நம்மாள் மரியாதையாக ஒதுங்கி வாயை மூடிக்கொண்டுவிட்டான். வந்தவனோ வாளியை வாங்கி வைத்துக்கொண்டு எப்போதோ ஒரு தடவைதான் கேட்கிறான். அடுத்த தடவை கேட்பதற்குள் பந்தியே எழுந்துவிடுகிறது.

"வெளியாள் ஒருத்தன் உள்ள வந்திருக்கான்" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் காலையில் இருந்த தோரணை இல்லை, வேட்டைக்குக் கிளம்பியவரின் சந்தோசம் இருந்தது. எனக்கும் அதேதான். அந்த நம்பர் எந்தக் கேபிள் ஓட்டை வழியாக வருகிறது என்று ஸ்விட்சைக் கேட்டேன். ஒரு ஸ்விட்ச் அடுத்ததைக் காட்டியது, அது அதற்கடுத்ததைக் காட்டியது. கடைசியில் வாசல் பக்கம், பந்தலுக்குப் போகிற லைன்.

லேப்டாப்பையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வெயிலில் ஓடினோம். பந்தல் மேடைக்குப் பின்னால் துணி போர்த்திய மேசை. குனிந்து துணியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச். அதன் மேல் சிவப்புச் சுங்குடித் துண்டு.

ஆத்தாடி! உன் பெட்டிதான். மாணவிகளுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் காட்டுவதற்காக நீ தனியாக வைத்திருந்த பாடப் பெட்டி. 'கேக்குறவன் சோம்பேறியா இருந்தா என்ன ஆகும்னு கண்ணால பாக்கணும்டி' என்று சொல்லி, வேண்டும் என்றே சின்ன நம்பர் கொடுத்து, வேண்டும் என்றே மெதுவாகக் கேட்கும்படி அமைத்து, ஸ்டோர் அலமாரியில் வைத்தாயே, அது. உன் பெயரைக் காப்பாற்ற ஓடிவந்து, உன் பெட்டியிலேயே வந்து நிற்கிறேன். இன்ஜினியர் அந்தத் துணியைப் பார்த்தார், என் கையில் இருந்த கேபிளின் துணியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மெயின்டனன்ஸ் அண்ணன் ஏணியோடு வந்தார். அவரை மறந்திருக்க மாட்டாய், உனக்குப் பருத்திப்பால் வாங்கி வருவாரே, அவர்தான்.

"அண்ணே, இதை யாருண்ணே மாட்டுனது?"

"நான்தாம்மா. நேத்துச் சாயந்தரம் பந்தலுக்கு லைன் பத்தலை. ஸ்டோர்ல நாலஞ்சு பொட்டி கெடந்துச்சு. எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கு என்னத்தா தெரியும்? இதுல நம்ம தங்கச்சி துணி கட்டியிருந்துச்சு. அது துணி கட்டுன சாமான்னா அம்புட்டும் கரெக்டா இருக்கும்ல? அதான் தேடி எடுத்து மாட்டினேன்." என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏம்மா, தப்பா?"

நீ கட்டியதற்கு அர்த்தம் 'நம்மது, கை வைக்காதே'. அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம் 'தங்கச்சி பார்த்தது, நம்பி எடு'. அவர் மட்டும் இல்லையாம். துணி கட்டிய கேபிள், துணி கட்டிய பிளக், எங்கே கண்டாலும் இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்களாம். "புதுசா மாட்டுனதைத்தான கேட்டீக? அது தங்கச்சி பொட்டி, பழசுதானன்னு சொல்லலை" என்றார். அவரைத் திட்டுவதற்கு வாயே வரவில்லை எனக்கு.

இன்ஜினியர்தான் சொன்னார், உள்ளே என்ன அமைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று. மேடைப் படியிலேயே உட்கார்ந்து கேபிளைச் செருகினேன். ஒரு துணி இன்னொரு துணியோடு சேர்ந்து தொங்கியது. என்டர் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் திரையில் நாலைந்து வரி வந்தது. ஆங்கில எழுத்தில் நம் பேச்சு. நீ.

'இது பாடப் பெட்டி. லைவ்ல மாட்டாதீங்க. மாட்டிட்டீங்களா? பதறாதீங்க. கழட்டி வச்சுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்.'

கீழே உன் எக்ஸ்டென்ஷன் நம்பர்.

படித்தேன். இன்ஜினியரும் படித்தார். மெயின்டனன்ஸ் அண்ணன், "என்னம்மா போட்டிருக்கு, வாசிம்மா" என்றார். வாய்விட்டு வாசித்தேன். முதல் இரண்டு வரி வரைக்கும் குரல் சரியாக இருந்தது. "பதறாதீங்கன்னா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்டி, பந்தல்காரர்கள் பார்க்கப் பார்க்க. அப்புறம் அந்த அழுகைக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒருத்தன் மாட்டுவான் என்று நீ முன்கூட்டியே யோசித்து, அவனைத் திட்டாமல், அவனுக்கு ஆறுதல் வேறு சொல்லி வைத்திருக்கிறாய்! என்ன பொம்பளைடி நீ!

பெட்டியைக் கழற்றினேன். அந்த இடத்தில் வேறு ஒன்றை மாட்டிவிட்டு நம் அறைக்கு ஓடி வந்து பட்டியலைக் கேட்டேன். காலி. சின்ன நம்பர்காரன் போய்விட்டான் என்று நம் பெரிய ஸ்விட்சுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று தெரியும். தெரிந்தும் என் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் ஒரு தடவை அணைத்துப் போட்டால் என்ன என்று விரல் துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்ஜினியர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்க ஆபீஸ் வழக்கம் சார், நீங்களும் வச்சுக்குங்க" என்றேன். பாவம், வைத்துக்கொண்டார். என்டர் தட்டுவதற்கு மட்டும் ஒரு கையை வெளியே எடுத்தேன்.

முதலில் கருத்தரங்கு அறை வந்தது. பிறகு பந்தல். பிறகு வார்டுகள் மளமளவென்று, ஒன்றன் கீழ் ஒன்றாக. குவேரியர் யார் என்று கேட்டேன். நம்மாள்தான்! நம் பெரிய ஸ்விட்ச், நீ வைத்த பெயரோடு. நேரம் குறைந்துகொண்டே வந்து, ஒரு குரல் கேட்டதும் எல்லோருக்கும் துள்ளி மேலே ஏறியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரேடியாலஜியில் இருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் மாடிக் கடைசி அறையும் பட்டியலில் வந்தது. யாரோ ஓர் அம்மா அங்கே படுத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறார். நல்லா பாக்கட்டும்.

டாக்டரம்மாவிடம் நான் பேசவே தேவைப்படவில்லை. இன்ஜினியரே பேசினார். "எதையும் அழிக்க வேண்டாம் மேடம். காலையில நான் சொன்னது தப்பு. அவங்க செட் பண்ணது அத்தனையும் சரி. தெரியாம ஒரு பாடப் பெட்டி உள்ள வந்துடுச்சு, அதுலயும் எச்சரிக்கை எழுதி வச்சிருக்காங்க. இனிமே வெளியில இருந்து எது வந்தாலும் அது கேக்குறவனா ஆக முடியாதபடி ஒரு தடை மட்டும் போட்டுக்கலாம்." அந்தத் தடையை அவரும் நானும் உட்கார்ந்து போட்டோம். நீ விட்டுவைத்திருந்த ஒரே ஓட்டை அது. நீ இருந்திருந்தால் 'இது ஏன்டி நமக்குத் தோணலை' என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பியிருப்பாய்.

மறுநாள் ஆப்பரேஷன் தொடங்கியதில் இருந்து கடைசித் தையல் வரைக்கும் படம் ஒரு தடவைகூட இமை கொட்டவில்லை. டாக்டரம்மாவின் விரல் நடுங்காததை அத்தனை சர்ஜன்களும் பார்த்தார்கள். முடிந்ததும் கருத்தரங்கு அறையில் எழுந்து நின்று கைதட்டினார்கள், பந்தலில் விசில்கூட அடித்தார்கள். கைதட்டல் டாக்டரம்மாவுக்குத்தான், தெரியும். நான் கீழே நம் அறையில் பட்டியலைப் பார்த்தபடி அதில் பாதியை எடுத்து உன் நாற்காலியில் போட்டேன். யார் கேட்பது?

அந்தப் பெட்டியை நர்சிங் வகுப்பறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீ எழுதிய வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. துணிக்கு மட்டும் ஊர் கொடுத்த அர்த்தத்தையே வைத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்த்து, அதே சிவப்பில் ஒரு பழைய சேலை வாங்கி வந்திருக்கிறேன். இனி நானே சோதித்துப் பார்த்துச் சரி என்று தெரிந்த சாமானுக்குத்தான் துண்டு. பாடப் பெட்டியில் இருந்ததை அவிழ்த்து என் கைப்பையில் கட்டியிருக்கிறேன். கதையைச் சொன்னதும் உன் அம்மா வெகுநேரம் சிரித்தார், பிறகு உங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் உன்னைத்தான் திட்டினார், செல்லமாக.

ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. உன் எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டார்கள் அல்லவா, நீ போன பிறகு? அந்த நம்பருக்குப் போட்டால் வெறும் ஊ என்று சத்தம்தான் வரும். போன் பகுதிக்குப் போய், அதை என் மேசைக்குக் கொடுங்கள் என்றேன். எதற்கு இரண்டு நம்பர் என்றார்கள். வேண்டும் என்றேன், என் குரலில். கொடுத்துவிட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் அடித்தது. பிரசவ வார்டில் இருந்து ஒரு புது சிஸ்டர். ஏதோ கேபிளைப் பிடுங்கிவிட்டாளாம், கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோச்சாம், அழுகிற குரலில் உன் பெயரைச் சொல்லி, "அக்காதானே?" என்று கேட்டாள். சுவரில் உன் பெயரும் நம்பரும் எழுதி ஒட்டின பழைய தாள் அங்கே இன்னும் இருக்கிறது போல.

"அக்காதாம்மா" என்றேன். "பதறாத. மத்ததை நான் பாத்துக்குறேன்."

கேபிளை எடுத்துக்கொண்டு போறேன். வாரேன்டி.